அலர்மேல் பேசாத பக்கம்

…இல்லை, இந்தப் பக்கத்திலும் கதிரை இல்லை, நாற்காலிதான், அலர்மேலின் தகப்பனார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு வெற்றிலை போடுகிறார், போடட்டும், அவர் எதில் சாய்ந்தால் எனக்கென்ன என்று விட்டுவிட முடிகிறதா, அடுப்பு மூட்டியதிலிருந்து இதே வேலைதான், ஒரு கண் அடுப்பில் கொதிக்கிற ஆணத்தில், ஒரு கண் புத்தகத்தில், கதிரை எங்கே, பாண் எங்கே, ஓம் எங்கே என்று அரிசிக்குள் கல் பொறுக்குகிறவள் மாதிரி பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், ஒரு கல்லும் அகப்படவில்லை. மத்தியான ளுஹர் தொழுதாயிற்று. பின்னேரத்து அசர் தொழுகைக்குப் பிறகு முத்தலிபு மச்சான், என்னைக் கட்டியவர், புத்தளத்துக்கு வள்ளம் ஏறுவார், அங்கிருந்து கொழும்புக்கு ரயில், அதற்குள் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும், மாற்றலாம் அல்லது மாற்றக் கூடாது, அவ்வளவுதான் பதில். கேட்டிருப்பவர் கொழும்பில் அச்சுக்கூடம் வைத்திருப்பவர், கேட்டிருப்பது நான் எழுதிய நாவலைப் பற்றி. கற்பிட்டியில் ஒரு சோனகப் பெண் நாவல் எழுதினாள் என்பதே சொந்தக்காரருக்குச் சிரிப்பு, அதற்குள் கதிரை வேறு வந்துவிட்டதாம்.

வந்தால் என்ன? நான் பிறந்த நாளிலிருந்து கதிரையில்தான் இருக்கிறேன், ஒரு நாளாவது நாற்காலியில் இருந்ததுண்டா, எங்கள் வீட்டில் இருப்பதற்கும் நாலு கால்தான், அது வேறு கதை. ஆனால் அச்சுக்கூடத்தார் விடவில்லை, என் பிரதியைச் சிவப்புப் பென்சிலால் கோடு கோடாகக் கிழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார், இவையெல்லாம் வெறும் பேச்சுச் சொற்கள், அக்கரையில் படிக்கிறவர்கள் நகைப்பார்கள், கதிரையை நாற்காலி என்றும் பாணை ரொட்டி என்றும் ஓம் என்பதை ஆமாம் என்றும் திருத்தச் சம்மதமானால் அச்சேற்றலாம், இல்லாவிட்டால் வேறிடம் பார்த்துக்கொள்ளவும். வேறிடம் எங்கே இருக்கிறது? கடலுக்குள்ளா? எனக்கு வந்த கோபத்தில் மச்சானிடம் சொல்லியனுப்பினேன், சென்னைப் பட்டணத்தில் அச்சான நாவலிலேயே இந்தச் சொற்களெல்லாம் இருக்கின்றன, ஒருத்தி வாசிக்க முழுக்கக் கேட்டிருக்கிறேன், புத்தகத்தைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைக்கிறேன் என்று. என்ன வீறாப்பு! மச்சானுடைய கூட்டாளி அத்தாஉல்லா கொழும்பில் பழைய புத்தகக் கடைகளெல்லாம் ஏறி இறங்கி, கதாநாயகியின் பெயர் அலர்மேல், ஊர் தஞ்சாவூர் என்ற இரண்டு துப்பை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டார், பாவம், நல்ல மனிதர். நேற்றுப் பொழுது சாயத்தான் கைக்கு வந்தது. வந்ததும் என் கை வழக்கம் போல் பின்பக்க அட்டையைத் திறந்துவிட்டது. தமிழ்ப் புத்தகம் இடப்பக்கத்திலிருந்து தொடங்கும் என்று எனக்குத் தெரியும், கைக்குத் தெரியாது, அது சின்ன வயதில் வலமிருந்து இடமாகப் படித்துப் பழகிய கை. கடைசித் தாளில் 'சுபம்' என்று கண்ணில் பட்டது, அதற்கு மேலே மேளதாளம் என்று ஏதோ, டப்பென்று மூடிவிட்டேன். மேளதாளமா? அலர்மேல் கதையின் முடிவில் மேளம் ஏது? வேறு புத்தகமாக இருக்குமோ என்று பயந்துபோய், முதலிலிருந்து வருவோம், முடிவு முடிவில் வரட்டும் என்று இன்று காலை பிடித்தேன்.

ஓதப் பள்ளியில் நான் படித்ததெல்லாம் அரபுத்தமிழ், பேச்சு நம்முடைய தமிழ், எழுத்து அரபி எழுத்து. லெப்பையின் பெண்சாதி பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு சொல்லித்தருவா, நபிமாருடைய கிஸ்ஸாக்கள், மாலைகள், மௌத்தாகி அடக்கப்பட்டவன் கபுருக்குள் என்ன கேள்வி கேட்கப்படுவான் என்ற புத்தகம், அதை வாசித்துவிட்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஒரு சொல் மனிதரைச் சோறு தின்னவிடாமல் பண்ணுமா என்று அப்போதுதான் எனக்கு ஆசை பிறந்தது, பயத்தை விட ஆசைதான் கூட, இதை நானும் செய்துபார்க்க வேண்டும், யாரையாவது சோறு தின்னவிடாமல் பண்ண வேண்டும். பிறகு பெரிய பிள்ளையானேன், வீட்டுக்குள் வைத்தார்கள், வாசலுக்குப் போகாதே, கிணற்றடிக்கு வெயில் ஏறினால் போகாதே, ஆணின் சத்தம் கேட்டால் உள்ளே போ. வீட்டிலிருந்த நாலு புத்தகமும் மனப்பாடமாகிவிட்டது. அப்போதுதான் தென்னோலைக் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

யூஜீனியா. சம்மாட்டி இன்னாசித்தம்பியின் மூத்த மகள், என்னை விட மூன்று நாலு வயது கூட, கன்னியாஸ்திரிமாரிடம் படித்தவள், இடமிருந்து வலமாக வாசிக்கத் தெரிந்தவள். அவளுடைய தகப்பனாரின் தோணி தூத்துக்குடிக்குப் போய்த் திரும்புகிறபோது செபப் புத்தகங்களோடு தவறிப்போய் ஒரு நாவலும் வந்துவிட்டது, அவளிடமிருந்த ஒரே நாவல் அதுதான். மத்தியானத்துக்குப் பிறகு அவளுடைய உம்மா, அவர்கள் அம்மா என்பார்கள், கண்ணயர்ந்ததும் வேலியடியில் வந்து இருப்பாள், இந்தப் பக்கம் நான், நடுவில் கிடுகு, ஒரு ஓட்டையால் அவளுடைய பெருவிரலும் தாளின் ஓரமும் மட்டும் தெரியும். எழுத்துக் கண்ணில் பட்டாலும் எனக்கு விளங்கியிருக்காது, எனக்கு அது எறும்பு ஊர்ந்த மணல்தான். குரல் போதும். என்ன குரல் அது, மாதா கோயிலில் பாடிப் பழகிய குரல், அலர்மேல் அழுதால் கொஞ்சம் மூக்கால் வரும். அலர்மேல் கதிரையில் வந்து இருந்தாள். அலுமாரியைத் திறந்து தாயுடைய சேலையை எடுத்து முகத்தில் வைத்தாள். விடிய எழும்பி இடியப்பம் அவித்தாள். பொழுது சாயக் களப்படியில் போய் நின்றாள், கச்சான் காற்று அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தது. தஞ்சாவூர்! எங்கேயோ கடலுக்கு அக்கரையில் ஒரு ஊர், அங்கேயும் எங்கள் கரையின் உப்புநீர்க் களப்பு, அங்கேயும் கச்சான், அங்கேயும் ஒரு பெண் வீட்டுக்குள் கிடந்து புழுங்குகிறாள், ஓம் என்கிறாள், என்னுடைய வாயிலிருக்கிற அதே ஓம். அந்தச் சொற்களெல்லாம் புத்தகத்துக்குள் போய் இருக்கத் தகுந்தவை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு அவளைச் சிலாபத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள், வின்சன்ட் என்று ஒரு மாப்பிள்ளை, இரண்டு தோணிக்காரர், புத்தகமும் அவளோடு போய்விட்டது. வேலியடி வெறும் வேலியடியானது. எனக்கு நிக்காஹ் நடந்து, முத்தலிபு மச்சான் வந்து, அவர் ஒரு இரவு சும்மா பகிடிக்குக் கேட்டார், உனக்கு என்ன வேணும் புள்ள, கைக்குக் காப்பா, காதுக்கு அல்லுக்குத்தா என்று, நான் தமிழ் எழுத்து வேண்டும் என்றேன், மனிதர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினார், ஆனால் சொல்லித்தந்தார். கடையில் சாமான் சுற்றி வந்த தாளெல்லாம் வாசித்தேன், தைல விளம்பரம், மரண அறிவித்தல், ராசாவுக்கு முடிசூட்டின செய்தி, பிறகு மச்சான் கொழும்பிலிருந்து நாவல்கள் கொண்டுவந்தார், ஒன்று, பத்து, முப்பது. ஆசையோடு திறப்பேன், எல்லாவற்றிலும் நாற்காலி. எல்லாரும் ஆமாம் ஆமாம் என்கிறார்கள். நல்ல கதைகள்தான், குறை சொல்ல மாட்டேன், சிலதுக்கு அழுதும் இருக்கிறேன், ஆனால் அவற்றை வாசிக்கும்போது நான் யாரோ வீட்டுக்கு விருந்து போனவள் மாதிரி ஓரமாகத்தான் இருப்பேன். அலர்மேல் கதையை எழுதினவர் மட்டும் வேறு மாதிரி, அந்த ஒருவருக்குத்தான் எங்களைத் தெரியும் என்று நினைத்திருந்தேன். யார் அவர்? ஆணா, பெண்ணா? எங்கள் கரைக்கு எப்போதாவது வந்துபோனவரா? அவரோடு மனதுக்குள் எத்தனை கதை கதைத்திருப்பேன், மீன் ஆய்கிறபோது, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறபோது, உங்கள் அலர்மேலை எனக்குத் தெரியும் ஐயா, வேலியில் ஓட்டையால் தெரியும். அவர் எழுதலாமென்றால் நானும் எழுதலாம் என்றுதான் எழுதத் தொடங்கினேன், முதலில் அரபுத்தமிழில், பிறகு தமிழ் எழுத்தில் பெயர்த்து. அவருக்கு ஒரு தரம் காட்ட வேண்டும் என்ற ஏக்கம், வேறொன்றுமில்லை.

அந்த அவர் இதோ முதல் தாளில் இருக்கிறார், நீளமான பெயர், பெயருக்குப் பின்னால் பட்டம், முகவுரையில் இந்த நூலைப் பெண்மணிகள் வாசித்து அடக்கம் கற்றுக்கொள்வார்களாக என்கிறார். கற்றுக்கொள்கிறோம் ஐயா. ஏழாம் அதிகாரத்தில் அலர்மேல் இட்டிலி அவிக்கிறாள். இடியப்பம் எங்கே? பதினொன்றில் குளக்கரையில் நிற்கிறாள், தாமரைக் குளமாம், களப்பு எங்கே, கச்சான் எங்கே, தென்றல் வீசுகிறது. சேலையைத் தாயின் பீரோவிலிருந்து எடுக்கிறாள். ஆனால் சேலையை முகத்தில் வைக்கிறாள், அது இருக்கிறது, வேறு புத்தகமில்லை, அதே புத்தகம், ஒவ்வொரு ஆளும் அதே ஆள், ஒவ்வொரு அழுகையும் அதே இடத்தில். அப்படியானால்… தாளைப் பார்த்து வாசிக்க வாசிக்கவே அவள் மாற்றிக்கொண்டு போயிருக்கிறாள். இங்கே நாற்காலி என்று கிடக்கிறது, அவளுடைய வாய் கதிரை என்றிருக்கிறது. ஒரு இடத்திலும் தட்டுத் தடங்கல் இல்லையே, ஒரு இடத்திலும் நின்று யோசிக்கவில்லையே! எனக்கு விளங்கட்டும் என்றா? இல்லை, இட்டிலி என்றால் என்னவென்று அவளுக்கே தெரியாதா? அல்லது அவளுக்கும் அங்கே ஒரு களப்பு வேண்டியிருந்ததா? கோபம் வருகிறது, ஏமாந்துபோனேன் என்று, உடனே சிரிப்பும் வருகிறது. இருபது வருஷம் பட்டம் பெற்ற ஐயாவோடு மனதுக்குள் பேசியிருக்கிறேன், அவர் ஒரு நாளும் கேட்கவில்லை, நான் பேசிக்கொண்டிருந்தது வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெருவிரலோடு. அச்சுக்கூடத்தார் மேசையில் இந்தப் புத்தகத்தை எப்படி வைக்கிறது? வைத்தால் அவர்தான் என்னைப் பார்த்து நகைப்பார். மாற்றட்டும் என்று சொல்லிவிட வேண்டியதுதான், ஆதாரம் இல்லாமல் போயிற்று, நாற்காலியே இருக்கட்டும், நாவலாவது வெளியே வரட்டும். மாற்றாவிட்டால் அது அலுமாரிக்குள் கிடந்து என்னோடு மௌத்தாகும்.

கடைசி அதிகாரம். இன்னும் இரண்டு தாள். தகப்பனார் நாற்காலியில் இருக்கிறார், மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில், அலர்மேல் தூணோடு நிற்கிறாள். 'உனக்குச் சம்மதம்தானே அம்மா?' என்று கேட்கிறார். இது எனக்கு மனப்பாடம், யூஜீனியா இதை வாசித்த அன்று வெயில் எங்கே விழுந்தது என்று கூடத் தெரியும். அவள் வாசித்த அடுத்த வரி, 'அலர்மேல் ஒன்றும் பேசவில்லை.' அதோடு கதை முடிந்தது, அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். ஆனால் இங்கே, நான் விரல் வைத்திருக்கிற இந்தத் தாளில், 'ஆமாம் அப்பா, தங்கள் சித்தம் என் பாக்கியம் என்று அலர்மேல் மலர்ந்த முகத்துடன் மொழிந்தாள்' என்றிருக்கிறது, பிறகு மேளதாளம், மஞ்சள், அட்சதை, சுபம்… ஒன்றரைத் தாளுக்குச் சந்தோசம். அந்த ஒன்றரைத் தாளையும் அவள் வாசிக்கவில்லை. ஆமாமை எடுத்துவிட்டு ஓம் என்று வைக்கவுமில்லை. மற்ற எல்லாச் சொல்லுக்கும் மாற்றுச் சொல் வைத்தவள் இந்தச் சொல்லுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

நான் அன்றைக்குக் கை தட்டினேன். அல்ஹம்துலில்லாஹ், ஒருபடியா ஓம் எண்டுட்டாள், நல்ல முடிவு யூஜீனியாக்கா, என்றேன். கிடுகுக்கு அந்தப் பக்கம் பெருவிரல் மூடின அட்டையைத் தடவியது. பிறகு, "அவள் ஒண்டும் சொல்லயில்லையே ஜெய்னம்பு," என்றாள். "அதுதானேக்கா சம்மதம்," என்றேன் நான், எங்களில் அப்படித்தானே, நிக்காஹ் அன்றைக்கு வாப்பா வந்து கேட்பார், குமர்ப் பிள்ளை வாய் திறக்கக் கூடாது, பேசாமல் இருந்தால் சம்மதம், சுற்றி இருக்கிற பெண்கள் சம்மதம் சம்மதம் என்று குரவை போட்டுவிடுவார்கள், எனக்கு அதைத் தவிர வேறென்ன தெரியும். அவள் மெதுவாகச் சொன்னாள், "எங்கட கோயில்ல அப்பிடியில்ல. வாயத் திறந்து சொல்ல வேணும். சொல்லுமட்டும் சுவாமியார் பாத்துக்கொண்டு நிப்பார்." ஓ அப்படியா, உங்கட ஆக்களுக்குப் பெரிய கரைச்சல்தான் என்று சிரித்தேன். அவளும் சிரித்த மாதிரித்தான் இருந்தது, முகம் தெரியவில்லையே, பெருவிரல் மட்டும்தானே தெரிந்தது, பெருவிரலில் என்ன தெரியும். அந்த ஞாயிறுதான் அவளுடைய கோயிலில் அவளுக்கும் வின்சன்டுக்கும் முதல் தரம் பேர் கூப்பிட்டார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று. அது எனக்கு அப்போதே தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இருபது வருஷமும், அத்தாஉல்லாவின் அலைச்சலும், சிவப்புப் பென்சிலும் வேண்டியிருந்திருக்கிறது. யா அல்லாஹ், தனக்குச் சம்மதமில்லை என்று அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். உலகத்தில் யாரிடமும் சொல்ல முடியாததை என்னிடம் சொல்லியிருக்கிறாள், நான் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டேன், எங்கள் வழக்கப்படி.

என்னுடைய நாவலும் அப்படித்தானே முடிகிறது. என் கதாநாயகி, சித்தி மரியம் என்று பெயர், அவளிடம் அவளுடைய வாப்பா வந்து கேட்கிறார், அவள் ஒன்றும் பேசவில்லை, முற்றும். அலர்மேலிடம் கற்றது, அதை விட அழகான முடிவு உலகத்தில் இல்லை என்று நினைத்து எழுதினேன், அவள் சந்தோசத்தில் பேசாமலிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். சந்தோசமா அது? எழுதினவள் நான், எனக்கே இப்போது தெரியவில்லை. என்னிடமும் வாப்பா வந்து கேட்டார், நானும் குனிந்துகொண்டிருந்தேன், பன்பாயில் ஒரு கோரை பிரிந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்மதம்தான், மச்சான் தங்கமான மனிதர், எழுத்துச் சொல்லித்தந்தவர், ஓம், சம்மதம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. மச்சான் போன வருஷம் தலவிலக் கோயில் திருவிழாவுக்குக் கருவாடு கொண்டுபோனபோது யூஜீனியாவைக் கண்டாராம், பிள்ளைகளோடு வந்திருந்தாளாம், பிள்ளைகளோடு சிங்களத்தில்தான் கதைத்தாளாம், அந்தப் பக்கமெல்லாம் இப்போது அப்படித்தானே. மச்சானைக் கண்டதும் தமிழ் திரும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்ததாம். "ஜெய்னம்பு இன்னம் கதை கேக்கிறாளா?" என்று கேட்டாளாம். இப்ப அவ எழுதுறா எண்டேன் புள்ள, அதுக்குப் பொறகு ஒண்டும் பேசாம நிண்டா, என்று மச்சான் வந்து சொன்னார். ஒன்றும் பேசாமல்!

அசர் முடிந்துவிட்டது போல, மச்சான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார், என்னுடைய பிரதி துணியில் கட்டி வாசலோடு இருக்கிறது. "என்ன புள்ள, முடிவச் சொல்லு, காத்து எழும்பிட்டு, வள்ளக்காரன் நிக்க மாட்டான். மாத்தச் சொல்லுறதா, வாணாமா?" நான் கதவுக்குப் பின்னால் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் பார்த்தார். பிறகு அவருக்கே உரிய பகிடியோடு, "சரி, பேசாம நிக்கிறாய், அப்ப சம்மதம்தான்," என்று கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வேலிக் கடப்பைத் திறந்து வெளியே காலும் வைத்துவிட்டார்.

"மச்சான்!" அந்தச் சத்தம் என்னுடையதுதானா, அடுத்த வீட்டு ஆட்களெல்லாம் எட்டிப் பார்த்திருப்பார்கள். "மாத்த வாணாம். ஒரு சொல்லும் மாத்த வாணாம்." திரும்பி வந்தார், "அப்ப அந்தப் புத்தகத்துல இரிக்கா, கதிரையும் ஓமும்?" "இல்ல." "இல்லையா? அப்ப நான் எந்த முகத்தோட அந்தாளுக்கு முன்னால போய் நிக்கிறது? அவர் அச்சடிக்க மாட்டார் புள்ள." "தெரியும்." "எந்தப் புத்தகத்தக் கேட்டு இப்பிடி எழுதினதாம் எண்டு கேட்டா?" "இன்னாசித்தம்பிட மகள் யூஜீனியாட புத்தகம் எண்டு சொல்லுங்க." அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "அவ புத்தகம் எழுதினவளா?" "ஓம்," என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு துறைப் பக்கம் போனார்.

நாவல் திரும்பி வரும், அடுத்த கிழமையே வரும், வரட்டும், இப்போது என் நினைப்பு அதில் இல்லை. அவளுடைய கல்யாணத்தன்று நானும் உம்மாவும் பின்முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம், கோயில் மணி கேட்பதற்காக, பெண்ணும் மாப்பிள்ளையும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் மணி அடிப்பார்கள் என்று அவள்தான் எனக்குச் சொல்லியிருந்தாள். உள்ளே போய் வெகுநேரமாகியும் அடிக்கவில்லை. என்ன இன்னம் மணியக் காணோம், என்று உம்மா இரண்டு மூன்று தரம் கேட்டார், நான் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சும்மா நின்றேன், பிறகு அடித்தது, நான் சந்தோசத்தில் குதித்தேன். அந்த நேரமெல்லாம் அவள் சுவாமியாருக்கு முன்னால் எப்படி நின்றிருப்பாள், அவர் எத்தனை தரம் கேட்டிருப்பார்.